யாங்கூனில் ஒரு கிட்டார்: திட்கடோ, தேக்கு, படாக் – எதை எங்கே வைப்பது?

ஆறுகம்பி, யாங்கூன்

வணக்கம். பதினான்கு ஆண்டுகளாகக் கல்யாணங்களிலும் கோயில் திருவிழாக்களிலும் கிட்டார் வாசிக்கிறேன். இப்போது கையில் இருப்பது 4.3 கிலோ எடையுள்ள கடைக் கிட்டார். தீமிதித் திருவிழாவில் மாலை ஆறு மணிக்குத் தோளில் மாட்டினால் பத்து மணிக்குத்தான் இறக்குவேன். மறுநாள் இடது தோளைத் தூக்க முடிவதில்லை. அதைவிடப் பெரிய வேதனை அதன் கழுத்து. மழை தொடங்கிப் பத்து நாளில் கழுத்து முன்பக்கமாக வளைந்து கம்பிகள் எழும்பிவிடும். மழை ஓய்ந்து மார்கழிக் காற்று வந்ததும் பின்னால் போய், ஐந்தாம் ஃபிரெட்டில் கம்பி உரசும். ஆண்டுக்கு இரண்டு முறை இதே கதை.

அதனால் எனக்கென்று ஒன்று செய்துகொள்ளத் தீர்மானித்தேன். தொலைபேசியில் வந்த ஒரு வரைபடம் இருக்கிறது. டெலிகாஸ்டர் என்னும் மின் கிட்டாரின் உருவம், 648 மி.மீ. கம்பி நீளம். மரம் மூன்று வகை சேர்ந்திருக்கிறது.

எங்கள் தெருவில் பழைய மரவீடு ஒன்றைப் பிரித்தார்கள். மாடித் தரையின் அடியில் இருந்த தேக்குத் துலாக்கட்டை ஒன்றை விலைபேசி வாங்கினேன். 7 அடி நீளம், 8 அங்குல அகலம், 2 அங்குலக் கனம். காய்கறிக் கடைத் தராசில் ஏற்றினால் ஒன்பது பர்மிய வீசைக்குச் (14.7 கிலோ) சற்றுக் குறைவு. இழைத்துப் பார்த்தபோது உள்ளே பொன்னிறம், தோல் வாசனை. எத்தனை வயது என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டாவது, சாங் என்னும் பர்மிய யாழ் செய்கிற பெரியவர் ஒருவரிடம் மிச்சம் வந்த படாக் துண்டு: இரண்டடி நீளம், மூன்று அங்குல அகலம், ஓர் அங்குலக் கனம். மூன்றாவது, மரக்கடையில் மலிவாகக் கிடைத்த திட்கடோ. 20 அங்குலம், 8 அங்குலம், 2 அங்குலம் என்ற அளவில் இரண்டு பலகைகள். கடைக்காரர் தள்ளிவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். வாங்கி மூன்று மாதம் ஆகிறது.

என் எண்ணம்: தேக்கில் உடல், படாக்கில் கழுத்து. திட்கடோவில் மாதிரி செய்து பழகலாம். இது சரியா? ஒருவர் தமலான் என்னும் ரோஸ்வுட் வகை மரமும் தருவதாகச் சொல்கிறார். கழுத்தின் மேல் விரல் அழுத்தும் விரல் பலகைக்கு அதை வாங்கலாமா?

பாகங்கள் பாங்காக்கிலிருந்து வரவேண்டும். கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப்புகளில் ஒற்றைச்சுருள் பிக்கப்பின் ஒலி எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் மின்சாரம் நின்று இன்வெர்ட்டரில் வாசிக்கும்போது வண்டு ரீங்கரிப்பதுபோல் ஓர் இரைச்சல் வருகிறது. என்ன வாங்குவது, எதை முதலில் வாங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

மோல்மேன் தச்சன்

தம்பி, உங்கள் மரங்கள் மூன்றும் நல்லவை. வைக்க நினைத்த இடங்கள்தான் தவறு.

முதலில் எடை. அந்த உருவத்தில் 45 மி.மீ. கனமுள்ள உடல் ஏறக்குறைய நாலரை லிட்டர் கொள்ளளவு மரம். ஆல்டர் மரத்தில் செய்தால் சுமார் 2 கிலோ வரும். தேக்கு கன மீட்டருக்கு 650 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். உடல் மட்டும் 2.9 கிலோ. கழுத்து, உடலில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ், சுருதி முறுக்கும் டியூனர் எல்லாம் சேர்ந்தால், தோளை வலிக்கச் செய்யும் அதே 4.3 கிலோவில் வந்து நிற்பீர்கள். இத்தனை உழைத்து அதே வலியை வாங்கவேண்டுமா? படாக்கில் உடல் செய்தால் கிட்டத்தட்ட 3.8 கிலோ. அதை நினைக்கவே வேண்டாம்.

நீங்கள் பழகுவதற்கென்று ஒதுக்கிய திட்கடோ இருக்கிறதே, அதுதான் உடல். தமிழ்நாட்டில் அதைச் சந்தன வேம்பு என்பார்கள். மஹோகனியின் குடும்பத்தைச் சேர்ந்தது. இழைத்தால் அதே செம்பழுப்பு, அதே திறந்த துளைகள். நன்றாகக் காய்ந்தால் 480 கிலோ அளவில் நிற்கும். உடல் 2.2 கிலோவுக்குள் முடிந்துவிடும். கடைக்காரர் மலிவாகத் தந்தது உங்கள் அதிர்ஷ்டம். இங்கே மேசை, கட்டில் செய்பவர்களுக்குத் தேக்கும் பியின்கடோவும்தான் மரம். கனமில்லாத மரத்தை யாரும் மதிப்பதில்லை. கிட்டாருக்கு வேண்டியது கனமில்லாத மரம்தான்.

தேக்கு கழுத்துக்குப் போகட்டும். இதைச் சொன்னால் பலர் ஏற்பதில்லை. கடினமேப்பிளில்தான் கழுத்து செய்யவேண்டும் என்று படித்திருப்பார்கள். மேப்பிள் அமெரிக்காவில் கிடைக்கிறது, அங்கே செய்தார்கள். நம் மழைக்கு எது நிற்கும் என்று பார்க்கவேண்டும். பச்சையிலிருந்து காய்ந்தது வரை மேப்பிள் சுருங்கும் அளவில் தேக்கு ஏறக்குறைய பாதிதான் சுருங்கும். விறைப்பில் மேப்பிளுக்குச் சற்றே குறைவு. எடையும் சற்றே குறைவு. சால்வீன் ஆற்றில் மிதந்துவந்த தேக்கை அறுத்த ஊர் எங்கள் ஊர். ஆண்டுக்கு ஏறக்குறைய ஐந்து மீட்டர் மழை பெய்யும் ஊரும் இதுதான். இந்த ஈரத்தில் என் பட்டறைக் கதவு இருபத்தெட்டு ஆண்டுகளாகச் சட்டத்தில் இறுகாமல் மூடுகிறது. அந்த மரத்தை நம்பிக் கழுத்துச் செய்யலாம்.

துலாக்கட்டையின் வெட்டுமுகத்தை இழைத்து ரேகைகளைப் பாருங்கள். ரேகைகள் எட்டங்குல முகத்துக்கு இணையாக ஓடினால், 25 மி.மீ. அகலப் பட்டைகளாக அறுத்து ஒவ்வொன்றையும் பக்கவாட்டில் சாய்த்துவிடுங்கள். ரேகைகள் நெட்டுக்குத்தாக நிற்கும். விரல் பலகையின் திசையில் வளைவதை அது தடுக்கும். ஒவ்வொரு பட்டையையும் 24 மி.மீ. அளவுக்கு இழைத்து மூன்றை ஒட்டுங்கள். நடுப்பட்டையைத் தலைகீழாகத் திருப்பி வையுங்கள். ஒன்று வளைய நினைத்தால் மற்றது இழுத்துப் பிடிக்கும். அறுப்பதற்கு முன் காந்தத்தை வைத்து அங்குலம் அங்குலமாகத் தடவுங்கள். பழைய வீட்டு மரத்தில் ஆணி முறிந்து உள்ளேயே கிடக்கும். ரம்பப் பல் போனால் போகட்டும். தெறித்துக் கண்ணில் பட்டால் என்ன செய்வது?

படாக் விரல் பலகைக்கு. வேங்கையின் உறவு அது, தேக்கைவிட இரண்டு மடங்கு கடினம். ஃபிரெட்டை வீணையில் மெட்டு என்கிறோமே, அந்த மெட்டின் கால் இறங்கிப் பிடித்துக்கொள்ள அந்தக் கடினம் வேண்டும். சாங் யாழின் உடலையே படாக்கில்தான் குடைகிறார்கள். இசைக்குப் பழகிய மரம். உங்கள் ஓரங்குலக் கட்டையிலிருந்து 7 மி.மீ. பலகை இரண்டு கிடைக்கும். ஒன்று கெட்டாலும் இன்னொன்று இருக்கும். இழைக்கும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள். அந்தச் செந்தூள் தொண்டையைப் பிடிக்கும். வெளிர் மரத்தின் துளையில் புகுந்தால் எளிதில் போகாது.

தமலான் வேண்டாம். ஒலியில் குறையில்லை, அழகிலும் குறையில்லை. காட்டில் அது இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. அதன் இனமான டால்பர்ஜியா முழுவதும் 2017 ஜனவரியிலிருந்து, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்பாட்டின் பட்டியலில் இருக்கிறது. செய்து முடித்த இசைக்கருவிக்கு 2019 இறுதியில் விலக்குக் கொடுத்தார்கள் என்பது உண்மை. ஆனால் யார் வெட்டியது, எங்கிருந்து வந்தது என்று தெரியாத கட்டையை உங்கள் விரலுக்கடியில் ஏன் வைத்துக்கொள்ளவேண்டும்? கையில் நல்ல படாக் இருக்கிறது.

இனி, எல்லாவற்றையும்விட முக்கியமானது ஈரம். திட்கடோ வாங்கி மூன்று மாதம் என்கிறீர்கள். அது மழைக்காலத்து மூன்று மாதம். காற்றில் 80 சதவீத ஈரம் இருந்தால், எவ்வளவு நாள் வைத்தாலும் மரத்துக்குள் 16 சதவீத ஈரம் தங்கிவிடும். இப்போது வெட்டி ஒட்டினால் தை மாதத்தில் இணைப்பு வாய்திறக்கும். இரண்டு பலகைகளின் முனைகளிலும் உருக்கிய மெழுகு பூசுங்கள். நடுவில் குச்சி வைத்து, தரையைத் தொடாமல், மின்விசிறி இருக்கும் அறையில் அடுக்குங்கள். ஞாயிறுதோறும் எடைபோட்டுப் பலகையின் மேலேயே பென்சிலால் தேதியும் எடையும் எழுதுங்கள். எழுதாமல் மனத்தில் வைத்துக்கொண்டால் அவசரம் வரும்போது மனம் எண்ணை மாற்றிச் சொல்லும். மழை நின்றபின் மூன்று வாரம் எடை அசையாமல் நின்றால் உளியை எடுக்கலாம்.

பாகங்கள் வரும்வரை மரத்தில் துளை போடாதீர்கள். என் மூன்றாவது கிட்டாரில் வரைபடத்தை நம்பி பிரிட்ஜுக்குத் துளைகள் போட்டுவிட்டேன். வந்த பிரிட்ஜில் கம்பிகளின் இடைவெளி வேறு. முதல் கம்பி விரல் பலகையின் விளிம்பை விட்டு நழுவிக்கொண்டே இருந்தது. பழைய அளவு, புதிய அளவு என்று சந்தையில் இரண்டு மூன்று உண்டு. பாகம் கையில் இருக்கவேண்டும். அதை மரத்தின்மேல் வைத்து அளக்கவேண்டும்.

வாங்கும் வரிசை என்னிடம் கேட்டால், கழுத்துக்குள் இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் டிரஸ் ராட், இருபுறமும் திருப்பக்கூடிய நல்லதாக, முதலில். அடுத்தது துருப்பிடிக்காத எஃகு ஃபிரெட் கம்பி. வழக்கமான ஃபிரெட் கம்பி நிக்கல் சில்வர்; அதில் வெள்ளி கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம். நம் வியர்வையில் அது பச்சை பிடிக்கும், விரைவில் பள்ளமும் விழும். எஃகு அறுக்கக் கடினம்தான், ஆனால் ஒரு முறைதான் வேலை. கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் அமரும் நட்டுக்கு எருமை எலும்பு போதும், அதைக் காசு கொடுத்து வரவழைக்காதீர்கள்.

ஒலிபெருக்கிக்காரன், யாங்கூன்

மரத்தைப் பற்றிப் பெரியவர் சொல்லிவிட்டார். நான் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறவன், அந்த வண்டு இரைச்சலோடு தினமும் வாழ்கிறவன்.

இரைச்சல் இரண்டு வகை, தம்பி. வீட்டு மின்சாரத்திலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் முனகல் ஒன்று. மலிவான இன்வெர்ட்டர் மின்னலையைப் படிக்கட்டுபோல வெட்டித் தருவதால் வரும் கீச்சொலி மற்றொன்று. ஒற்றைச்சுருள் பிக்கப் இரண்டையும் வானொலிபோல வாங்கிக்கொள்ளும். அதன் தவறு அன்று அது. சுருள் என்றால் அப்படித்தான். 1955-இல் கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் ஹம்பக்கர் என்னும் பிக்கப்புக்குக் காப்புரிமை கேட்டதே இந்த முனகலை ஒழிக்கத்தான். இரண்டு சுருள்கள், ஒன்றின் காந்தமும் சுற்றும் மற்றதற்கு நேர் எதிர். கம்பியின் ஒலி இரண்டிலும் சேர்ந்து கூடும். வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று அழிக்கும்.

உங்களுக்கு ஒற்றைச்சுருளின் ஒலிதான் வேண்டும் என்றால், அதே அளவுக் கூட்டுக்குள் இரண்டு சுருளை அடுக்கிய பிக்கப் விற்கிறார்கள். பிரிட்ஜ் பக்கம் அதை வையுங்கள். சுத்தமான ஒற்றைச்சுருளைக் கழுத்துப் பக்கம் வைத்து, மின்சாரம் சரியாக இருக்கும் நாளில் ஆசை தீர வாசியுங்கள். ஒற்றைச்சுருளுக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் ஒலிக் கட்டுப்படுத்திகள் என்பது வழக்கம். 500-ஐ ஒற்றைச்சுருளுக்குப் போட்டால் உச்ச ஒலி காதைக் கிழிக்கும்.

குடைந்த குழிகள் முழுவதையும் தாமிரத் தகட்டால் ஒட்டி மூடுங்கள். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடங்களில் ஈயப்பற்று வைத்து, எல்லாவற்றையும் ஒரே புள்ளியில் நில இணைப்போடு சேருங்கள். பிரிட்ஜிலிருந்து ஒரு கம்பி அங்கே கட்டாயம் வரவேண்டும்.

அந்தக் கம்பியால் ஓர் ஆபத்தும் உண்டு, இதைக் கவனமாகப் படியுங்கள். பழைய வீடுகளிலும் பந்தல்களிலும் இரண்டு கால் பிளக்தான், நில இணைப்பே கிடையாது. ஆம்ப்ளிஃபயரில் கசிவு இருந்தால் அது உங்கள் கிட்டார் கம்பிவரை வந்து நிற்கும். நீங்கள் பாட வாயை மைக்கில் வைத்தவுடன் அடிக்கும். என் கண்ணெதிரே ஒரு பையன் உதட்டைப் பிடித்துக்கொண்டு மேடையில் உட்கார்ந்துவிட்டான். வாசிக்கும் முன் சோதனைத் திருப்புளியைக் கம்பியில் வைத்துப் பாருங்கள். விளக்கு எரிந்தால், எத்தனை பேர் காத்திருந்தாலும் வாசிக்காதீர்கள்.

பெகு மாணிக்கம்

தேக்கு உடல் வேண்டாம் என்பதில் எனக்குச் சிறு வருத்தம். என்னுடையது முழுத் தேக்கு. ஒரு சுரத்தைத் தட்டினால் அது தானாக நின்று பாடும். கனத்தைக் குறைக்க உடலின் மேற்பாதியில் இரண்டு அறைகள் குடைந்து, மேலே 6 மி.மீ. பலகை ஒட்டினேன், 3.9 கிலோவில் நிற்கிறது.

தேக்கைக் கழுத்துக்கு எடுத்தாலும் ஒட்டும்போது என் பிழையைச் செய்துவிடாதீர்கள். சனிக்கிழமை இழைத்துவிட்டு, கல்யாணத்துக்குப் போய் வந்து திங்கட்கிழமை ஒட்டினேன். சித்திரை வெயிலில் இணைப்பு நடுவே நகம் நுழையும் அளவு விரிந்தது. தேக்கின் எண்ணெய் இரண்டு நாளில் மேலே கசிந்து வந்துவிடும். இழைத்த அன்றே, அசிட்டோன் நனைத்த வெள்ளைத் துணியால் துணி மஞ்சளாவது நிற்கும்வரை துடைத்து, அது ஆவியானதும் எபாக்சிப் பசை பூசிப் பிடியுங்கள். இரண்டாம் முறை அப்படிச் செய்தது இன்றுவரை அசையவில்லை.

மோல்மேன் தச்சன்

மாணிக்கம் சொன்ன ஒட்டும் முறையில் ஒரு சொல்லும் மாற்ற வேண்டாம், அப்படியே செய்யுங்கள். தேக்கு நின்று பாடும் என்பதையும் மறுக்கவில்லை. என் கையால் செய்த பதினொன்றில் இரண்டு தேக்கு உடல்கள். ஆனால் மின் கிட்டாரில் பிக்கப் கேட்பது காந்தப் புலத்தில் ஆடும் கம்பியை. அந்த ஆட்டம் கெடாமல் இருக்கக் கழுத்து உறுதியாகவும் நட், பிரிட்ஜ், மெட்டு மூன்றும் சரியாகவும் அமர்ந்திருக்கவேண்டும். மெட்டைச் சமப்படுத்தாத தேக்குக் கிட்டாரைவிட, சமப்படுத்திய திட்கடோ கிட்டார் நீண்டு ஒலித்ததை என் பட்டறையில் பலருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். தம்பிக்கு நான்கு மணி நேரம் தோள் தாங்கவேண்டும். அதை வைத்தே சொன்னேன்.

ஆறுகம்பி, யாங்கூன்

எல்லாருக்கும் நன்றி. உடனே பதில் எழுதாமல் மரம் காயும்வரை காத்திருந்தேன்.

ஞாயிறுதோறும் எழுதிய எடைகள் பலகையிலேயே இருக்கின்றன. முதல் பலகை ஆவணியில் 2,910 கிராம். ஐப்பசி முடியும்போது 2,690. கடந்த மூன்று ஞாயிறும் 2,640, 2,635, 2,640. தட்டினால் ஒலியே மாறியிருக்கிறது. முன்பு 'தொப்' என்றது இப்போது கணீரென்கிறது. அடுக்கில் குச்சி வைக்கச் சொன்ன இடத்தில் இரண்டாம் பலகைக்கு ஒரு குச்சி குறைவாக வைத்துவிட்டேன், அது சற்றே முறுகிவிட்டது. ஆனால் இரண்டங்குலக் கனம் என்பதால் இழைத்து எடுக்க இடம் இருக்கிறது. டிரஸ் ராடும் எஃகு ஃபிரெட் கம்பியும் வந்துவிட்டன. அடுக்கிய சுருள் பிக்கப்பும் வந்துவிட்டது. பிரிட்ஜ் வரும் வாரம்.

நேற்றுத் துலாக்கட்டையை அறுத்தோம். தரைப்பலகை அடித்திருந்த விளிம்பில் காந்தம் ஒன்பது இடங்களில் ஒட்டியது. எட்டு ஆணிகள் வந்துவிட்டன. மேல்விளிம்பிலிருந்து எடுத்த முதல் பட்டையை ஆணித்துளைகள் அதிகம் என்று தள்ளிவிட்டேன். கீழே உள்ளவை எல்லாம் சுத்தம், ரேகை நூல்பிடித்ததுபோல் நிற்கிறது. அழகான ரேகை இரண்டாவது பட்டையில்தான். ஆனால் ஒன்பதாவது ஆணியின் முனை அதற்குள் இறங்கியிருக்கிறது. குறடால் பிடுங்கிவிட்டேன். துளை 4 மி.மீ. அகலம், 8 மி.மீ. ஆழம், சுற்றிலும் மை கொட்டியதுபோல் கருநீலம் பரவியிருக்கிறது. பட்டையின் ஒரு முனையிலிருந்து 22 செ.மீ. தூரத்தில். அந்தப் பட்டையைத் தள்ள மனம் வரவில்லை ஐயா. அடைத்துவிட்டுப் பயன்படுத்தலாமா, அல்லது அதை விட்டுவிட்டு நான்காவது பட்டைக்குப் போகவா?

மோல்மேன் தச்சன்

தள்ள வேண்டாம், அடைக்கவும் வேண்டாம். தேக்கில் இருக்கும் துவர்ப்பும் ஆணியின் துருவும் சேர்ந்த கறுப்பு அது, மரம் கெடவில்லை.

அந்தப் பட்டையையே நடுப்பட்டையாக வையுங்கள். துளை இருக்கும் முகம் மேலே, விரல் பலகையின் பக்கம் வரட்டும். டிரஸ் ராடுக்கு நீங்கள் வெட்டப்போகும் பள்ளம் 6 மி.மீ. அகலம், 9 மி.மீ. ஆழம். துளையின் நடுப்புள்ளி பள்ளத்தின் நடுக்கோட்டில் விழும்படி மூன்று பட்டைகளையும் நகர்த்தி ஒட்டுங்கள்; ஓரத்தில் மிஞ்சுவதைப் பிறகு இழைத்துவிடலாம். பள்ளம் வெட்டும் ரௌட்டர் எந்திரம் ஒரு முறை ஓடினால் ஆணித்துளை இருந்த இடமே இருக்காது.

ஒட்டிய மறுநாள் இழுத்துக் கட்டிய நூலைப் பிடித்து நேர் பார்த்துவிட்டு எழுதுங்கள்.